வைரஸ் உருமாறினால் தடுப்பூசியும் மாற வேண்டுமா?

1943-இல் அமெரிக்க இராணுவப் பயிற்சிப் பிரிவுகளில் ஒரு ஃப்ளூ தடுப்பூசியைப் போட்டுச் சோதித்தார்கள். நன்றாகவே காத்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1947-இல் ஃப்ளூ மறுபடி பரவியபோது ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் படுத்தார்கள். தயாரிப்பில் தவறில்லை, வைரஸ்தான் மாறியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர் தாமஸ் பிரான்சிஸ். உடனிருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் போலியோ தடுப்பூசியால் உலகம் அறிந்த ஜோனாஸ் சால்க்.

அன்று எழுந்த கேள்வி இன்னும் நம்மோடு இருக்கிறது. வைரஸ் உருமாறினால் பழைய தடுப்பூசியை நம்பலாமா, புதிது செய்ய வேண்டுமா? புதிது வரும்வரை மக்களை எப்படிக் காப்பது? இதற்கு வந்த பதில்கள் பல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நோயில் பலித்திருக்கிறது. ஒரு நோயில் பலித்ததை இன்னொரு நோய்க்கு அப்படியே தூக்கிச் சென்றபோதுதான் சறுக்கல்கள் நேர்ந்தன. ‘தடுப்பூசி வேலை செய்கிறதா?’ என்று மொட்டையாகக் கேட்டதும் அவற்றுக்கு ஒரு காரணம். எதைத் தடுக்க, யாருக்கு, எத்தனை மாதத்துக்கு என்று பிரித்துக் கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எது மாறுகிறது, எது நிலைக்கிறது

வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழை விழுகிறது. ஃப்ளூ வைரஸில் அந்தப் பிழையைத் திருத்த வழியில்லை. கொரோனா வைரஸ்களிடம் பிழைதிருத்தும் நொதி ஒன்று உண்டு. ஆகவே அவை மெதுவாகத்தான் மாறும் என்று 2020-இல் பலர் எதிர்பார்த்தார்கள். ஒரு நகலை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரி. ஆனால் தொற்று கோடிக்கணக்கானவர்களிடம் பரவியபோது பிழைக்கான வாய்ப்பும் அதே கணக்கில் பெருகும் என்பதை அந்த எதிர்பார்ப்பு போதுமான அளவு கருதவில்லை.

பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்கு எந்த ஆதாயமும் இல்லை. கொரோனாவில் சில மட்டும் வைரஸின் மேற்பரப்பிலுள்ள கூர்முனைப் புரதத்தில், எதிர்ப்பொருள்கள் வந்து பற்றும் இடத்தில் விழுகின்றன. அதன் ஒமைக்ரான் திரிபில், கூர்முனைப் புரதத்தில் மட்டும் 30-க்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. எதிர்ப்பொருள்களின் திறன் அதனிடம் பல மடங்கு சரிந்தது. அதே வேளையில், தடுப்பூசி போட்டவர்களிடமும் முன்பே தொற்று வந்தவர்களிடமும் டி செல்களின் வினையில் 70 முதல் 80 சதவீதம்வரை ஒமைக்ரானுக்கு எதிராகவும் நிலைத்திருந்ததைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். எதிர்ப்பொருள் வாசலில் நின்று தொற்றைத் தடுக்கிறது. டி செல் உள்ளே நுழைந்துவிட்ட வைரஸ் தங்கிய செல்களை அழித்து, நோய் முற்றாமல் பார்த்துக்கொள்கிறது. வாசற்காவல் தளர்ந்தும் வீடு பறிபோகாமல் இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஓரிரு எதிர்ப்பொருள்களை மட்டும் கொண்டு செய்த மருந்துகளுக்கு இந்த இரண்டாம் அரண் இல்லை. அதனால்தான் திரிபுகளிடம் முதலில் தோற்றவை அவை. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் நம்பியிருந்த எவுஷெல்ட் மருந்துக்கான அனுமதியை அமெரிக்கா 2023 ஜனவரியில் நிறுத்திவைத்தது. தடுப்பூசி போட்டும் பலன் கிடைக்காத அந்த நோயாளிகளுக்கு அது சிறிய இழப்பல்ல.

மாற்றத் தேவையில்லாத ஊசி

‘ஒரு முறை சரியாகச் செய்தால் போதும்’ என்ற பதிலுக்குச் சான்று தட்டம்மை. 1954-இல் பாஸ்டனில் ஒரு பள்ளி மாணவனிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸின் வழித்தோன்றல்தான் இன்றும் நம் குழந்தைகளுக்குப் போடும் தட்டம்மை ஊசியில் இருக்கிறது. தட்டம்மை வைரஸில் 24 மரபணு வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. அத்தனைக்கும் அந்த ஒரே ஊசி போதுமாயிருக்கிறது. தட்டம்மையும் ஆர்.என்.ஏ வைரஸ்தான், அதற்கும் நகல் பிழைகள் உண்டு. ஆனால் செல்லைப் பற்றும் அதன் புரதங்கள் மாற்றத்தைத் தாங்குவதில்லை. உருவம் மாற்றினால் உள்ளே நுழையும் திறனையே இழந்துவிடும்.

இங்கே தடுப்பூசி தோற்றால் குற்றம் வைரஸுடையதல்ல. ஊசி போடாமல் விடுபட்ட குழந்தைகள் ஓரிடத்தில் சேரும்போது தட்டம்மை திரும்புகிறது. இந்தப் பதிலின் பலவீனம், எல்லா வைரஸுக்கும் இப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லை என்பது.

துரத்திக்கொண்டே ஓடும் ஊசி

எதிர்முனையில் நிற்பது ஃப்ளூ. 1947 தோல்விக்குப் பின், 1952-இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், எந்தத் திரிபுகளை ஊசியில் சேர்ப்பது என்று வல்லுநர்கள் முடிவுசெய்கிறார்கள்.

அந்த முடிவின் அடியில் இருக்கும் சோதனை மிக எளியது. சிறுசிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஃபெரட் என்ற சிறு விலங்குக்குப் பழைய திரிபைத் தொற்றவைத்து, அதன் இரத்த நீரை எடுத்து, குழிக்குக் குழி இரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போவார்கள். பின் வைரஸைச் சேர்த்து, கோழி அல்லது வான்கோழியின் சிவப்பணுக்களை விடுவார்கள். வைரஸ் கட்டற்று இருந்தால் சிவப்பணுக்களை வலைபோலக் கோத்துப் படரவிடும். எதிர்ப்பொருள் அதைக் கட்டிவிட்டால், அணுக்கள் தடையின்றி இறங்கிக் குழியின் அடியில் சிவப்புப் பொத்தானாகத் திரளும். பழைய திரிபுக்கு எட்டாவது குழிவரை தெரிந்த பொத்தான் புதிய திரிபுக்கு ஐந்தாவதோடு நின்றுவிட்டால் மூன்று குழி குறைவு. அதாவது எட்டு மடங்குச் சரிவு. உலகெங்கும் அடுத்த பருவத்தில் கோடிக்கணக்கான கைகளில் இறங்கப்போகும் ஊசியின் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பதில் இந்தப் பொத்தான் கணக்குக்கு நீண்ட காலமாக முக்கிய இடம் உண்டு.

பலவீனமும் இதிலேயே இருக்கிறது. ஃபெரட்டுக்கு அதுதான் வாழ்வின் முதல் ஃப்ளூ. மனிதர்களோ பல பருவங்களைக் கடந்தவர்கள். முடிவெடுப்பதற்கும் ஊசி கைக்கு வருவதற்கும் இடையே ஆறு மாதம் ஆகிறது; அதற்குள் வைரஸ் வேறு பக்கம் திரும்பிவிடலாம். தயாரிப்பின் பெரும்பகுதி கோழி முட்டையில் நடப்பதால், முட்டைக்குப் பழகும்போதே வைரஸ் சற்று மாறிவிடுவதும் உண்டு. 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் ஃப்ளூ ஊசியின் பலன் சுமார் 19 சதவீதமாகவே இருந்தது. அப்படியும் இந்த முறையைக் கைவிட யாரும் சொல்லவில்லை. மோசமான பருவத்திலும் முதியவர்களில் ஒரு பகுதியினரை மருத்துவமனைக்குப் போகாமல் அது காப்பதே காரணம்.

முதல் அறிமுகத்தின் பிடி

துரத்துவதிலும் ஓர் எல்லை உண்டு என்று முதலில் விரிவாகச் சொன்னவரும் தாமஸ் பிரான்சிஸ்தான். 1960-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: உடல் தான் முதன்முதலில் சந்தித்த ஃப்ளூவை மறப்பதில்லை, பின்னால் எந்த வகை வந்தாலும் பழையதற்கான எதிர்ப்பொருளையே முதலில் கூட்டுகிறது. புதிய திரிபுக்கு ஏற்ற ஊசி போட்டாலும் பலனில் ஒரு பங்கு பழைய நினைவுக்கே போய்ச் சேரும்.

கொரோனாவில் இந்தக் கருத்து மீண்டும் உயிர்பெற்றது. 2022 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்கா பழைய வைரஸ் பாதி, ஒமைக்ரான் பாதி கொண்ட இருகூட்டுப் பூஸ்டருக்கு அனுமதி தந்தது. ஆனால் அடுத்து வந்த சில சிறிய ஆய்வுகளில், பழைய ஊசியையே மறுபடி போட்டவர்களைவிட இவர்களின் எதிர்ப்பொருள் அளவு பெரிதாக மேம்படவில்லை. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு பழைய வைரஸை நீக்கிவிட்டு, ஒமைக்ரானின் துணைவகையான எக்ஸ்பிபியை மட்டும் வைக்கப் பரிந்துரைத்தது. இது பிரான்சிஸின் கருத்துக்கு ஒரு பகுதி ஏற்பு. முழு ஏற்பு என்று சொல்வதற்கில்லை. ஏனெனில் புதிய ஊசிகள் புதிய திரிபுக்கு எதிராகவும் எதிர்ப்பொருளைக் கூட்டவே செய்தன. பழைய நினைவு முதியவர்களைக் காத்த நிகழ்வுகளும் உண்டு. 2009 ஃப்ளூ பெருந்தொற்றில் முதியவர்களைவிட இளையவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டதற்கு, முதியவர்கள் சிறுவயதில் அதையொத்த வைரஸைச் சந்தித்திருந்ததே காரணமாகச் சொல்லப்படுகிறது. முதல் அறிமுகம் சுமையா, சேமிப்பா என்பது அடுத்து வரும் திரிபைப் பொறுத்தது.

39 பேரை வைத்து ஒரு முடிவு

கொள்கை விவாதம் எப்படித் தெருவுக்கு வருகிறது என்பதற்கு 2021 பிப்ரவரி தென்னாப்பிரிக்காவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

புணே சீரம் நிறுவனத்தில் தயாரான அஸ்ட்ராசெனகா தடுப்பூசி 10 லட்சம் டோஸ் பிப்ரவரி 1 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியது. 7-ஆம் தேதி அரசு அதை நிறுத்திவைத்தது. அங்கே நடந்த சோதனையில் பங்கேற்றவர்கள் சுமார் 2,000 பேர். அவர்களில் லேசான அல்லது மிதமான கொரோனா வந்தவர்கள் 42 பேர். அதில் 39 பேருக்கு வந்தது, அப்போது அங்கே பரவிய பீட்டா திரிபு. ஊசி போட்டவர்களிலும் போடாதவர்களிலும் அந்த 39 பேர் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். அந்தத் திரிபுக்கு எதிரான பலன் சுமார் 10 சதவீதம் என்று கணக்கு வந்தது.

பங்கேற்றவர்களின் நடுவயது 30-ஐ ஒட்டி இருந்தது. கடுமையாக நோயுற்றவர் எவரும் இல்லை. ஆகவே, இந்த ஊசி ஒரு முதியவரைச் சாவிலிருந்து காக்குமா என்ற கேள்விக்கு அந்தச் சோதனையால் விடை சொல்லவே முடியாது. சில நாட்களில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, திரிபுகள் பரவியுள்ள நாடுகளிலும் இந்த ஊசியைப் போடலாம் என்றது. தென்னாப்பிரிக்கா அந்த டோஸ்களை ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு விற்றுவிட்டு, ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசியைக் கொண்டு பிப்ரவரி 17 அன்று தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. வந்த அளவு குறைவு. ஆண்டின் நடுவில் டெல்டா அலை அடித்தபோது முதியவர்களில் பெரும்பகுதியினர் ஊசி போட்டிருக்கவில்லை.

அன்றைய நிலையில் அந்த முடிவை அறிவுக்கு ஒவ்வாதது என்று சொல்ல முடியாது. கையில் இருந்த ஒரே உள்நாட்டுத் தரவு அதுதான். ஆனால் லேசான நோயைப் பற்றிய விடையை மரணத்தைப் பற்றிய விடையாக எடுத்துக்கொண்டது பிழை என்றே தோன்றுகிறது. இருந்த ஊசியை 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமாவது போட்டிருக்கலாம்.

இரண்டு நாடுகள், இரண்டு நாட்கள்

இந்தியாவில் கேள்வி வேறு வடிவில் வந்தது. 2021 மே 13 அன்று, இரண்டாம் அலையின் உச்சத்தில், அஸ்ட்ராசெனகா ஊசியின் இந்தியத் தயாரிப்பான கோவிஷீல்டின் இரு டோஸ்களுக்கு இடையிலான இடைவெளி 12 முதல் 16 வாரமாக நீட்டப்பட்டது. பிரிட்டனில் கிடைத்த நடைமுறைச் சான்றுகளைக் குறிப்பாகச் சுட்டியே அரசின் அறிவிப்பு வந்தது. மறுநாளே பிரிட்டன், இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட டெல்டா திரிபைக் காரணம் காட்டி, 50 வயதைக் கடந்தவர்களுக்கு 12 வார இடைவெளியை 8 வாரமாகக் குறைத்தது.

யார் சரி? டெல்டாவிடம் ஒரு டோஸ் நோய் அறிகுறியைத் தடுக்கும் திறன் சுமார் 31 சதவீதம். அஸ்ட்ராசெனகா இரண்டு டோஸ் என்றால் 67 சதவீதம் என்று பிரிட்டன் ஆய்வு பின்னர் காட்டியது. இதை மட்டும் பார்த்தால் இந்தியா தவறியது. ஆனால் மருத்துவமனைச் சேர்க்கையைத் தடுப்பதில் ஒரு டோஸே சுமார் 71 சதவீதம் பலன் தந்தது. ஊசிக்கு வரிசையில் நின்றும் கிடைக்காமல் திரும்பிய அந்த மாதத்தில், இருப்பதைக் கூடுதல் பேருக்கு ஒரு டோஸாகப் பகிர்ந்ததை வைத்துப் பார்த்தால் முடிவுக்கு நியாயம் இருக்கிறது. ஒரே தரவு, கேள்வி மாறியதும் விடை மாறுகிறது.

வருத்தத்துக்குரியது வேறொன்று. டெல்டா உருவான நாடு தன் முடிவுக்கு வெளிநாட்டுத் தரவைப் பார்க்க வேண்டியிருந்தது. மரபணுக் கண்காணிப்புக்கென இன்சாகாக் கூட்டமைப்பு 2020 டிசம்பரில் 10 ஆய்வகங்களுடன் தொடங்கப்பட்டது. தொற்று உறுதியான மாதிரிகளில் 5 சதவீதத்தைப் பகுப்பாய்வு செய்வது இலக்கு. இரண்டாம் அலை எழுந்தபோது அதை எட்டியிருக்கவில்லை. தமிழகம் அப்போது மாதிரிகளைப் பெங்களூருக்கு அனுப்பிக் காத்திருந்தது. சென்னை தேனாம்பேட்டையில் மாநிலத்தின் சொந்தப் பகுப்பாய்வுக்கூடம் திறக்கப்பட்டது 2021 செப்டம்பரில்.

ஊசிதான் திரிபை வளர்க்கிறதா?

இந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிடக் கூடாது. இதற்கு உண்மையான அறிவியல் வேர் உண்டு. தொற்றைத் தடுக்காமல் நோயை மட்டும் தடுக்கும் ஊசி, கொடிய வகை வைரஸ் பிழைத்திருக்க இடம் தரலாம் என்று ஆண்ட்ரூ ரீட் என்ற உயிரியலாளரும் உடனாய்வாளர்களும் 2001-இல் கருத்துரைத்தார்கள். 2015-இல், கோழிகளைத் தாக்கும் மாரெக் நோயில் அது நடப்பதைச் சோதனையில் காட்டினார்கள். ஊசி போட்ட கோழிகள் கொடிய வகையைச் சுமந்தபடி உயிரோடிருந்து மற்றவற்றுக்குப் பரப்பின.

மனிதரிடம் கொரோனாவில் அது நடந்ததா? காலக்கணக்கு இதற்கு எதிராக நிற்கிறது. பொதுத் தடுப்பூசித் திட்டம் பிரிட்டனில் தொடங்கியது 2020 டிசம்பர் 8. இந்தியாவில் 2021 ஜனவரி 16. ஆல்பா, பீட்டா, காமா மூன்றும் அதற்கு முன்பே தோன்றியவை. டெல்டாவின் முதல் மாதிரிகள் 2020 அக்டோபரைச் சேர்ந்தவை. தடுப்பூசி இல்லாத இடத்தில் கட்டுக்கடங்காமல் பரவியதே திரிபுகளுக்கு விளைநிலமானது என்று கருதவே இது இடந்தருகிறது. ஒமைக்ரானின் துணைவகைகள் விஷயத்தில் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அப்போது தொற்றாலும் ஊசியாலும் கிடைத்த எதிர்ப்பாற்றல் உலகெங்கும் நிறைந்திருந்தது. அதைத் தாண்டும் வகைகளே தழைத்தன.

தடுப்பு மருந்தே திரிபாக மாறிய நோய் ஒன்று உண்டு, போலியோ. சொட்டு மருந்தில் இருக்கும் வலுவிழந்த உயிருள்ள வைரஸ், மருந்து எட்டாத சமூகங்களில் குழந்தைக்குக் குழந்தை பரவி, மெல்ல வலுவை மீட்டுக்கொண்டு வாதத்தை உண்டாக்குவதுண்டு. இயற்கையான இரண்டாம் வகை ஒழிந்துவிட்டதால் 2016 ஏப்ரலில் உலக நாடுகள் ஒருசேர அந்த வகையைச் சொட்டு மருந்திலிருந்து நீக்கின. ஆனால் மருந்திலிருந்து தோன்றிய இரண்டாம் வகை அதன் பிறகும் பல நாடுகளில் பரவியது. எளிதில் உருமாறாதபடி மரபணுவைச் செப்பனிட்ட புதிய சொட்டு மருந்து 2021 மார்ச்சில் களத்துக்கு வந்தது.

‘போகப்போக வலு குறைந்துவிடும்’

ஒட்டுண்ணி, தான் வாழும் உடலோடு காலப்போக்கில் சமாதானமாகிவிடும் என்ற நம்பிக்கை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தியோபால்டு ஸ்மித்திடமிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் முயல்களைக் கட்டுப்படுத்த 1950-இல் பரப்பிய மிக்சோமா வைரஸ் இதை ஓரளவுதான் மெய்ப்பித்தது. சில ஆண்டுகளில் அதன் கொடுமை குறைந்தது, ஆனால் நடுத்தர நிலையில் நின்றுவிட்டது. கொரோனாவிலோ ஆல்பாவைவிட டெல்டா கடுமையானது.

ஒமைக்ரான் ‘லேசானது’ என்ற பேச்சை ஹாங்காங் சோதித்துப் பார்த்தது. 2022-இன் தொடக்கத்தில் அங்கே ஒமைக்ரான் நுழைந்தபோது 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் இரு டோஸ் போட்டிருக்கவில்லை. மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் அந்த வாரங்களில் உலகிலேயே மிக உயர்ந்த மரண விகிதங்களில் ஒன்று அங்கே பதிவானது. இந்தியாவில் அதே திரிபு குறைந்த உயிர்களைக் கொண்டுபோனதற்கு, 2021 ஜூன்-ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய ஆய்விலேயே 67.6 சதவீதம் பேரிடம் எதிர்ப்பொருள் இருந்ததும், அதன்மேல் ஊசி சேர்ந்ததும் பெருங்காரணங்கள். அந்த 67.6-க்கு டெல்டா அலையில் கொடுத்த விலையை நாம் அறிவோம்.

எல்லைகளும் கருவிகளும்

2021 நவம்பர் 25 அன்று தென்னாப்பிரிக்கா புதிய திரிபை அறிவித்தது. மறுநாள் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் சூட்டியது. உடனே பல நாடுகள் ஆப்பிரிக்கத் தென்பகுதி விமானங்களை நிறுத்தின. பின்னர் நெதர்லாந்தில் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, நவம்பர் 19, 23 தேதிகளிலேயே ஒமைக்ரான் அங்கே இருந்தது தெரிந்தது. விமானங்கள் நின்றதால், ஆய்வைத் தொடரத் தேவையான வேதிப்பொருள்கள் வந்துசேர்வதில் தடை என்று தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் முறையிட்டார்கள். எல்லை மூடல் சில நாட்கள் அவகாசம் தரக்கூடும். உண்மையைச் சொன்ன நாட்டைத் தண்டித்தால் அடுத்த நாடு சொல்லத் தயங்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கண்காணிப்புக்கு எளிய வழி ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. ஒருவகை ஆர்டி-பிசிஆர் கருவித்தொகுப்பு மூன்று மரபணுக்களைத் தேடும். திரையில் மூன்று கோடுகள் வளைந்து மேலெழ வேண்டும். ஆல்பாவிலும் முதல் ஒமைக்ரானிலும் கூர்முனைப் புரதத்துக்கான எஸ் மரபணுவின் கோடு மட்டும் தரையோடு படுத்துக் கிடந்தது. கருவி தேடும் இடத்தில், புரதத்தின் இரு அமினோ அமிலங்களுக்கான பகுதி மரபணுவிலிருந்து உதிர்ந்திருந்ததே காரணம். பகுப்பாய்வுக்கு நாட்கள் ஆகும் இடத்தில் சில மணி நேரத்தில் ஐயம் எழுப்ப இது உதவியது. 2021 டிசம்பரில் தமிழகத்தின் முதல் ஒமைக்ரான் நோயாளியும் இப்படித்தான் முதலில் அடையாளம் காணப்பட்டார். அடுத்து வந்த பிஏ.2 துணைவகையில் அந்தக் கோடு மறுபடி எழுந்துவிட்டது.

முகக்கவசம், காற்றோட்டம், நோயுற்றவர் விலகியிருத்தல் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காற்றில் பரவும் வைரஸ் எத்தனை உருமாறினாலும் காற்றில்தான் பரவ வேண்டும். ஆனால் பரவும் வேகம் கூடக்கூட, ஒவ்வொரு தடுப்பின் பயனும் சுருங்குகிறது.

இன்னும் தீராதவை

ஒமைக்ரான் எங்கிருந்து வந்தது என்பது முடிவாகவில்லை. எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவரின் உடலில் மாதக்கணக்கில் தங்கிய தொற்று, கண்காணிப்பே இல்லாத பகுதி, விலங்கு என மூன்று கருதுகோள்களில் முதலாவதற்கு ஆதரவு கூடுதல். உறுதிச் சான்று இல்லை. ஆண்டுதோறும் இளையவர்களுக்கும் கொரோனா ஊசியைப் புதுப்பிக்க வேண்டுமா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. முதியவர்களுக்கு அது தேவை என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து இருக்கிறது. மூக்கிலேயே எதிர்ப்பாற்றலை உண்டாக்கித் தொற்றையே தடுக்கும் மருந்து சாத்தியமா என்பதும் திறந்த கேள்வி. இந்தியாவில் மூக்குவழித் தடுப்பு மருந்து 2023 ஜனவரியில் அறிமுகமானது. அது பரவலைத் தடுக்கிறது என்று காட்டும் பெரிய அளவிலான சான்று இன்னும் தேவை. எல்லாத் திரிபுக்கும் ஒரே ஊசி என்ற முயற்சி ஃப்ளூவில் பல பதிற்றாண்டுகளாக நடந்தும் கைகூடவில்லை என்பதையும் மறக்கலாகாது.

இவை ஆய்வகத்தில் தீரக்கூடியவை. தீராத இன்னொன்று பகிர்வு. 2007-இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தர மறுத்தது. தங்கள் மக்களிடம் எடுத்த வைரஸைக் கொண்டு வெளியார் செய்யும் ஊசியைத் தாங்களே வாங்க இயலாத நிலை என்பது அதன் முறையீடு. அதன் விளைவாக 2011-இல் பகிர்வுக்கு ஓர் ஏற்பாடு வந்தது. அது ஃப்ளூவுக்கு மட்டும். 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றபோது, மாதிரியும் மரபணுத் தகவலும் தரும் நாட்டுக்குத் தடுப்பூசியில் என்ன பங்கு என்பதை வகுக்கும் இணைப்பு மட்டும் பின்னால் பேசி முடிக்க ஒதுக்கிவைக்கப்பட்டது.